பாயிண்ட் இல்லாத வண்டி

பிப்ரவரி 11, செவ்வாய்

பெரியம்மா இன்று சிக்னலில் நின்றுவிட்டாள். பெரியம்மா என்பது வண்டி. என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தது என்பதால், மகள் சின்னவளாக இருந்தபோது வைத்த பேர். கல்யாணங்களுக்கு வாடகைக்குப் போகும். ஓட்டுவது நான்.

பின் சீட்டில் மணப்பெண். பச்சை விழுந்தது, நான் ஆக்ஸிலரேட்டரை மிதித்தேன், வண்டி ஒரு இருமல் இருமிவிட்டு அடங்கிவிட்டது. பின்னால் இருந்த பஸ்காரர் ஹார்னில் வைத்த கையை எடுக்கவே இல்லை. பெண் அழ ஆரம்பித்தாள். பெண்ணின் சித்தி ஹை ஹீல்ஸோடு இறங்கித் தள்ளினாள், தள்ளும்போது என்னைத் திட்டிக்கொண்டே தள்ளினாள். நியாயம்தான்.

வழக்கம்போல மகளின் அப்பா பின்னால் ஸ்கூட்டரில் வந்துகொண்டிருந்தார். பையிலிருந்து உப்புத்தாளை எடுத்தார், பானெட்டைத் திறந்து டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றினார், உள்ளே இருக்கிற பாயிண்டைத் தேய்த்தார், மூடினார். ஆறு நிமிஷம். என்னிடம் "போ" என்றார். போனேன்.

விவாகரத்தாகி ஏழு வருஷம். வீடும் வண்டியும் எனக்கு, டூல்ஸ் எல்லாம் அவருக்கு என்று பிரித்துக்கொண்டோம். அப்போது நான் ஜெயித்துவிட்டதாக நினைத்தேன்.

பிப்ரவரி 13, வியாழன்

மகளின் அப்பா காலையில் வந்து பாயிண்டை அட்ஜஸ்ட் செய்துவிட்டுப் போனார். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை இது நடக்கும். பேசியது மொத்தம் மூன்று வாக்கியம், மூன்றும் வண்டியைப் பற்றி. தண்ணீர் வேண்டுமா என்று கேட்டேன். ரேடியேட்டருக்கா என்று கேட்டார்.

பாயிண்ட் என்றால் என்னவென்று வாடகைக்கு எடுப்பவர்கள் கேட்பார்கள். நகக்கணு அளவுக்கு இரண்டு உலோக முனைகள். இன்ஜின் சுற்றச் சுற்ற அவை சேரும், பிரியும். பிரிகிற நேரத்தில்தான் பிளக்கில் தீப்பொறி. ஒட்டிக்கொண்டே இருந்தாலும் வண்டி ஓடாது, ரொம்பத் தள்ளி இருந்தாலும் ஓடாது, நடுவில் ஒரு மெல்லிய இடைவெளி வேண்டும். இதை வைத்து என்னிடம் கல்யாண வாழ்க்கை பற்றித் தத்துவம் பேசினவர்கள் இதுவரை நான்கு பேர். ஐந்தாவது ஆளை நடுவழியில் இறக்கிவிடுவேன்.

பிப்ரவரி 16, ஞாயிறு

மகள் வந்தாள். பல் செட் செய்கிற லேபில் வேலை, அதனால் பேசும்போது என் வாயையே பார்ப்பாள். கல்யாணத் தேதி முடிவாகிவிட்டது. ஏப்ரல் 6. சின்ன மண்டபம், பதிவாளர் வருவார், கையெழுத்து, சாப்பாடு, அவ்வளவுதான். பெரியம்மாவில்தான் போவாளாம். எதிர்பார்த்ததுதான்.

பிறகுதான் விஷயத்துக்கு வந்தாள். அவள் அப்பாவைக் கூப்பிட்டிருக்கிறாள். கையெழுத்துப் போடும்போது நீங்க ரெண்டு பேரும் என் பின்னால நிக்கணும் என்று சொல்லியிருக்கிறாள். அவர் சொன்ன பதில்: "நான் வெளியில வண்டிகிட்ட நிக்கிறேன்மா. பாயிண்ட் எப்ப ஒட்டிக்கும்னு சொல்ல முடியாது."

மகள் அழவில்லை. அழுதிருந்தால் சமாளித்திருப்பேன். என்னைப் பார்த்து நிதானமாகச் சொன்னாள்: "ஊர்ல இருக்கிற எல்லா கல்யாணத்துக்கும் அப்பா வெளியில நின்னிருக்கார். என் கல்யாணத்துக்கும் வெளியில நின்னார்னா நான் உங்க ரெண்டு பேரையும் மன்னிக்க மாட்டேன்."

நான் என்ன செய்ய முடியும் என்று கேட்டேன். போனை எடுத்துக் காட்டினாள். எலக்ட்ரானிக் இக்னிஷன். பழைய வண்டிகளுக்கென்றே செய்கிறார்களாம். பாயிண்டைத் தூக்கிப் போட்டுவிட்டு அந்த இடத்தில் ஒரு சின்னக் கறுப்புப் பெட்டி, ஒரு காந்த வளையம். எதுவும் எதையும் தொடாது, அதனால் தேயாது, ஒட்டாது, யாரும் வந்து தேய்த்துவிட வேண்டாம். "பாயிண்டே இல்லாத வண்டிக்கு வெளியில ஆள் எதுக்கு?" என்றாள்.

மூளை அவள் அப்பாவுடையது. பிடிவாதம் யாருடையது என்று எழுத வேண்டியதில்லை.

பிப்ரவரி 17, திங்கள்

இதை ஏழு வருஷத்துக்கு முன்னாலேயே ஏன் மாட்டவில்லை என்று நாள் முழுக்க யோசித்தேன். பதில் கிடைக்கவில்லை, அல்லது கிடைத்தது பிடிக்கவில்லை.

பிப்ரவரி 20, வியாழன்

ஸ்பேர் பார்ட்ஸ் கடை. கடைக்காரர் எந்தக் கேள்விக்கும் எதிர்க்கேள்வி கேட்கிற ஆள். எலக்ட்ரானிக் இக்னிஷன் கிட் இருக்கிறதா என்றேன். வண்டி பிளஸ் எர்த்தா, மைனஸ் எர்த்தா என்றார்.

பேட்டரிக்கு இரண்டு முனை, அதில் ஒன்று வண்டியின் உடம்போடு சேர்ந்திருக்கும். இப்போது வருகிற வண்டிகளில் அது மைனஸ். பெரியம்மா காலத்து வண்டிகளில் பிளஸ். மாற்றிக் கொடுத்தால் பெட்டி அந்த நிமிஷமே செத்துப்போகும், திருப்பி எடுத்துக்கொள்ள மாட்டேன் என்றார் கடைக்காரர். எனக்குத் தெரியாதா என்ன? வண்டியோடு வந்த புத்தகத்தில் முதல் பக்கத்திலேயே போட்டிருக்கிறது. போதாததற்கு, உடம்புக்குப் போகிற கேபிளின் கிளாம்பில் சிவப்புப் பெயின்ட். சிவப்பு என்றால் பிளஸ். "பிளஸ் எர்த்" என்றேன், அவர் கேட்டதைவிடச் சத்தமாக.

யார் மாட்டப்போகிறார்கள் என்று கேட்டார். நான்தான் என்றேன். வீட்டில் சொல்லிவிட்டீர்களா என்றார். வீட்டில் நான் மட்டும்தான் இருக்கிறேன், எனக்குத் தெரியும் என்றேன்.

மார்ச் 3, திங்கள்

கிட் வந்தது. இவ்வளவு சின்னதா? இதற்காகவா ஒரு மனுஷன் ஏழு வருஷம் ஸ்கூட்டரில் என் பின்னால் வந்தான்.

மார்ச் 8, சனி

எழுதவே கை வரவில்லை. சரி, எழுதுகிறேன்.

காலை ஒன்பதுக்கு ஆரம்பித்தேன். மூடியைக் கழற்றினேன். பாயிண்டைக் கழற்றி ஒரு கிண்ணத்தில் போட்டேன். குறிப்புத்தாளை மூன்று தடவை படித்து, சொன்னபடி பெட்டியைத் திருகி, வளையத்தை உட்கார வைத்து, சிவப்பு ஒயர், கறுப்பு ஒயர், எல்லாம் சொன்ன இடத்தில். சொன்ன இடத்தில்! ஒரு ஸ்க்ரூ உள்ளே விழுந்தது, அதை எடுக்க ஒரு மணி நேரம், அது வேறு கதை.

சாவியைத் திருப்பினேன். டக் என்று ஒரு சத்தம். பிளாஸ்டிக் கருகின வாடை. அவ்வளவுதான் முடிஞ்சுது. ஸ்டார்ட்டர் மட்டும் சுத்துது சுத்துது, இன்ஜின் மூச்சே விடல. என்னடி பண்ணின நீ — புத்தகத்துல இருக்கறபடிதானே பண்ணேன்? கல்யாணத்துக்கு நாலு வாரம் இருக்கு. இவர்தான் ஏதோ பண்ணி வச்சிருக்கார். நிச்சயமா இவர்தான். எதைத் தொட்டாலும் சொல்லாம தொடற ஆளு.

அவரைக் கூப்பிடக் கூடாது என்பதற்காகத்தான் இதை வாங்கினேன். சாயங்காலம் மகளை விட்டுக் கூப்பிடச் சொன்னேன்.

மார்ச் 9, ஞாயிறு

வந்தார். சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் சண்டை போட வசதியாக இருந்திருக்கும்.

குனிந்து மோந்து பார்த்தார். பெட்டி போச்சு என்றார். அது எனக்கும் தெரியும் என்றேன். பிறகு பேட்டரிப் பக்கம் போனார். சிவப்பு கிளாம்பைப் பார்த்தபடி ரொம்ப நேரம் நின்றார். முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது.

"இது மைனஸ் எர்த்."

புத்தகத்தில் பிளஸ் என்று இருக்கிறதே என்றேன். மாற்றிவிட்டாராம். எப்போது என்று கேட்டேன்.

"அந்த ஆஸ்பத்திரி அன்னைக்கு."

அந்த நாளை இதுவரை நான் எங்கேயும் எழுதியதில்லை. பித்தப்பையில் ஆபரேஷன் முடிந்து என்னை வீட்டுக்கு அனுப்பிய நாள். பதினோரு மணிக்கு வந்து கூட்டிப்போவதாகச் சொன்னவர் மூன்று மணிக்கு வந்தார். வழியில் யாரோ ஒருவர் வண்டி நின்றுபோய் நின்றாராம், பாவம் குடும்பத்தோடு இருந்தாராம், இவர் இறங்கி ரிப்பேர் செய்துகொடுத்தாராம். நான் நான்கு மணி நேரம் ஆஸ்பத்திரி வாசல் பெஞ்சில் தையலோடு உட்கார்ந்திருந்தேன். மறுநாள் காலையில் அவரை வீட்டை விட்டுப் போகச் சொன்னேன்.

அந்த ஒரு நாள் சாயங்காலத்தில் அவர் என்ன செய்தார் என்று இன்றைக்குத்தான் தெரிகிறது. வண்டியில் இருந்த பழைய ரேடியோ வாங்கின நாளிலிருந்தே செத்தது. பாட்டுக் கேட்டுக்கொண்டே ஓட்ட வேண்டும் என்று எப்போதோ சொல்லியிருக்கிறேன். முகப்பை அப்படியே விட்டுவிட்டு உள்ளே புது ரேடியோ வைத்திருக்கிறார். புது ரேடியோ மைனஸ் எர்த்தில்தான் வேலை செய்யும். அதற்காக வண்டியின் மொத்தக் கரண்டையும் தலைகீழாக மாற்றியிருக்கிறார். கேபிள் பழையது, பெயின்ட் பழையது, பேட்டரி மட்டும் திரும்பி உட்கார்ந்திருக்கிறது. மறுநாள் கிளாம்புக்குக் கறுப்புப் பெயின்ட் அடிப்பதாக இருந்தாராம். மறுநாள் நான் போகச் சொல்லிவிட்டேன். அதனால் பெயின்ட் அடிக்கவில்லை.

ஏழு வருஷத்தில் ஒரு தடவையாவது சொல்லியிருக்கலாமே என்றேன்.

"வண்டியைப் பத்தி மட்டும் பேசுங்கன்னு நீதான் சொன்ன."

"இதுவும் வண்டியைப் பத்தித்தானே?"

"இது வண்டியைப் பத்தி இல்ல."

பழைய பாயிண்டை மாட்டி, அட்ஜஸ்ட் செய்து, ஓட விட்டுவிட்டுப் போனார். மைனஸ் எர்த் கிட்டாக வாங்கு என்றார் போகும்போது.

மார்ச் 10, திங்கள்

ரேடியோவைப் போட்டுப் பார்த்தேன். பாடுகிறது. நன்றாகவே பாடுகிறது. ஷெட்டில் உட்கார்ந்து இரண்டு பாட்டும் ஒரு வானிலை அறிக்கையும் கேட்டேன். கொஞ்சம் அழுதேன். வானிலை அறிக்கைக்கு அழுத முதல் ஆள் நானாகத்தான் இருக்கும்.

நான்கு மணி நேரம் உட்கார வைத்தது தப்புதான். அது மாறவில்லை. இதுவும் எழுதிவைக்கிறேன், பிறகு அதை மறந்துவிட்டு மனசு கரைந்துபோகக் கூடாது.

மார்ச் 22, சனி

இரண்டாவது கிட் வந்தது. கடைக்காரர் இந்த முறை எதுவும் கேட்கவில்லை, என் முகத்தைப் பார்த்துவிட்டு மைனஸ் எர்த் பெட்டியைத் தந்துவிட்டார்.

மகளின் அப்பாவும் வந்தார். நான் மாட்டுகிறேன் என்றார். வேண்டாம், நானே மாட்டுகிறேன் என்றேன். சரி, பார்க்கிறேன் என்று ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். இரண்டு கையையும் பேன்ட் பாக்கெட்டில் விட்டுக்கொண்டார். வெளியே இருந்தால் தானாகவே வேலை செய்ய ஆரம்பித்துவிடும் போல. ஒன்றரை மணி நேரத்தில் ஒரே ஒரு தடவைதான் வாயைத் திறந்தார். இன்ஜின் ஓடாதபோது சாவியை ஆனில் விட்டுவைக்காதே, பெட்டி சூடாகிச் செத்துவிடும் என்று.

திருப்பினேன். முதல் திருப்பிலேயே பிடித்துக்கொண்டது. இருமல் இல்லை, நடுக்கம் இல்லை. பெரியம்மா இவ்வளவு அமைதியாக இருந்து நான் பார்த்ததே இல்லை. அவர் தலையைச் சாய்த்து ஒரு நிமிஷம் கேட்டார். "ஒழுங்கா ஓடுது" என்றார், டாக்டர் ரிப்போர்ட் படிக்கிற குரலில்.

எனக்கு ஒரே சந்தோஷம். அவர் ஸ்டூலை எடுத்து இருந்த இடத்தில் வைத்தார். இனி எதற்கும் வர வேண்டியதில்லை என்பது இருவருக்கும் தெரிந்தது. தண்ணீர் குடிக்கிறீர்களா என்றேன். குடித்தார்.

மார்ச் 25, செவ்வாய்

மூன்று நாளாகக் காலையில் எழுந்ததும் போய் ஸ்டார்ட் செய்து பார்க்கிறேன். மூன்று நாளும் முதல் திருப்பு. எரிச்சலாக வருகிறது.

மார்ச் 30, ஞாயிறு

மகள் அவரிடம் போய்ச் சொல்லியிருக்கிறாள்: அப்பா, இப்ப பாயிண்ட் இல்ல, வெளியில நிக்க வேண்டிய அவசியம் இல்ல. அவர் பார்க்கலாம் என்றாராம். இவள் விடவில்லை. பாயிண்ட் காரணம் இல்லையென்றால் என்ன காரணம் என்று கேட்டிருக்கிறாள். உள்ளே வந்தால் உங்கம்மா பக்கத்தில் நிற்க வேண்டும், அவளுக்குப் பிடிக்காது என்றாராம்.

நான் எப்போது அப்படிச் சொன்னேன் என்று கத்தினேன். மகள் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

சொன்னேன். அந்த மறுநாள் காலையில் வாசற்படியில் நின்று சொன்னேன். "இனிமே என் பக்கத்துல நிக்காதீங்க." கோபத்தில் சொன்னது. கோபத்தில் சொன்னதை யாராவது இப்படி ஏழு வருஷம் நூல் பிடித்த மாதிரி கடைப்பிடிப்பார்களா? அவர் கடைப்பிடிப்பார். ஒவ்வொரு கல்யாணத்திலும் வண்டிக்கு அந்தப் பக்கம்தான் நின்றிருக்கிறார். நடுவில் எப்போதும் பானெட்.

போன் செய்து வாபஸ் வாங்கலாமா? என்னவென்று சொல்வது? மூன்று தடவை நம்பரை எடுத்தேன். மூன்று தடவையும் வைத்துவிட்டேன். வண்டியில் ஏதாவது கோளாறு இருந்தால் பேச்சை ஆரம்பித்திருக்கலாம்.

ஏப்ரல் 5, சனி

நாளைக்கு. அவரிடமிருந்து ஒன்றும் இல்லை. மகளும் கேட்கவில்லை. வண்டியைத் துடைத்தேன், மறுபடியும் துடைத்தேன்.

ஏப்ரல் 7, திங்கள்

நேற்று எழுத முடியவில்லை. நாள் முழுக்க நின்று கால் வீங்கிவிட்டது.

பெரியம்மா முதல் திருப்பில் கிளம்பினாள், எங்கேயும் நிற்கவில்லை. பின்னால் ஸ்கூட்டர் வரவில்லை. கண்ணாடியில் பார்த்துக்கொண்டே இருந்தேன். மகள் பின் சீட்டிலிருந்து, "அம்மா, முன்னாடி பாத்து ஓட்டு" என்றாள்.

மண்டபத்தில் எல்லாரும் இருந்தார்கள், அவர் இல்லை. பதிவாளர் பேனாவை எடுத்து வைத்தார். மாப்பிள்ளையின் அம்மா என்னைப் பார்த்தார். மகள் யாரையும் பார்க்கவில்லை, மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பத்து நிமிஷம் கொடுங்கள் என்று சொல்லிவிட்டு வெளியே ஓடினேன். வண்டிப் பக்கத்திலும் அவர் இல்லை. போன் எடுக்கவில்லை.

வழியில் எவனோ வண்டி நின்னுபோய் நிக்கறான், இவர் இறங்கிட்டார். அப்படித்தான் நினைச்சேன். பெத்த பொண்ணு கல்யாணத்துக்குக்கூடவா? அந்த ஆஸ்பத்திரி பெஞ்ச்சுல உக்காந்த மாதிரியே இருந்துது. வரட்டும், இன்னைக்கு இருக்கு —

அப்போதுதான் வாகனம் நிறுத்துகிற இடத்தின் கோடியில் அவர் ஸ்கூட்டரைப் பார்த்தேன். வாட்ச்மேனைக் கேட்டேன். சமையலறைக்குப் பின்னால் டிரைவர்கள் உட்காருகிற அறையைக் காட்டினார்.

அங்கே இருந்தார். இரண்டு வேன் டிரைவர்களுக்கு நடுவில், இஸ்திரி போட்ட புது முழுக்கைச் சட்டையோடு, கையில் பேப்பர் கப்பில் டீ. நகத்தையெல்லாம் தேய்த்துக் கழுவியிருந்தார். உள்ளே போவதற்காகத்தான் வந்திருக்கிறார். முக்கால் மணி நேரம் முன்னாலேயே வந்திருக்கிறார். வாசலில் மண்டப சூப்பர்வைசர், "பொண்ணு வீடா, மாப்பிள்ளை வீடா?" என்று கேட்டிருக்கிறார். ஏழு வருஷமாக எல்லா மண்டப வாசலிலும் இந்தக் கேள்விக்கு இவர் சொல்கிற பதில் ஒன்றுதான். "வண்டிக்கு வந்தேன்." நேற்றும் வாயில் அதுதான் வந்திருக்கிறது. டிரைவர் ரூம் பின்னால் இருக்கிறது என்று அனுப்பிவிட்டார்கள்.

பிறகாவது திருத்திச் சொல்லியிருக்கலாமே, போனையாவது எடுத்திருக்கலாமே என்றேன். போன் ஸ்கூட்டர் பெட்டியில் இருக்கிறது என்றார். பிறகு டீயைப் பார்த்தபடி சொன்னார்: "சூப்பர்வைசர் சொன்னதும் அதுதான் சரின்னு தோணிடுச்சு."

கையைப் பிடித்து எழுப்பினேன். ஏழு வருஷத்தில் முதல் தடவை. வாசலில் சூப்பர்வைசர் மறித்தார். டிரைவர்கள் ஹாலுக்குள் வரக் கூடாது மேடம், இங்கே ரூல் என்றார். டிரைவர் இல்லை, பொண்ணோட அப்பா என்றேன். அந்த ஆள் நம்பவில்லை. நான் விவாகரத்தானவள் என்று மாப்பிள்ளை வீட்டார் யாரோ அவரிடம் சொல்லியிருப்பார்கள். இவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இவர் உங்களுக்கு என்ன வேணும்?"

உறவைத்தான் கேட்டார். அதற்கு என்னிடம் வார்த்தை இல்லை. கோர்ட் கொடுத்த வார்த்தையைச் சொல்ல வாய் வரவில்லை. மகளின் அப்பா, மகளின் அப்பா என்று இந்த நோட்டு முழுக்க எழுதியிருக்கிறேன், எனக்கு என்ன வேணும் என்று எழுதவே இல்லை. பின்னால் இரண்டு வேன் டிரைவர்களும் டீயோடு எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"எனக்கு இவர் உள்ள வேணும்" என்றேன். "என் பக்கத்துல வந்து நிக்கணும்."

சூப்பர்வைசருக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனால் நகர்ந்துவிட்டார். மகளின் அப்பாவுக்குப் புரிந்தது. டீ கப்பை எங்கே வைப்பதென்று தெரியாமல் சூப்பர்வைசர் கையிலேயே கொடுத்துவிட்டு வந்தார்.

மகள் திரும்பிப் பார்த்தாள். பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள். நாங்கள் பின்னால் நின்றோம். எந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்று அவர் மெதுவாகக் கேட்டார். எந்தப் பக்கமாக இருந்தாலும் நில்லுங்கள் என்றேன்.

ஏப்ரல் 23, புதன்

அவருக்குப் போன் செய்தேன். முதல் ரிங்கிலேயே எடுத்தார்.

"வண்டிக்கு என்ன?"

"வண்டிக்கு ஒண்ணும் இல்ல."

கட் ஆகிவிட்டதா என்று போனைப் பார்த்தேன். கட் ஆகவில்லை.

"அப்ப எத்தனை மணிக்கு வரட்டும்?" என்று கேட்டார்.